இடது கை தூக்கியவர்கள்

சந்தனமாரிக்குச் சிந்திக்கத் தெரியவில்லை என்று திட்ட அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது.

அச்சடித்த கடிதம். பெயர், வகுப்பு, பட்டை எண், மூன்று மாதச் சராசரி எல்லாம் கட்டம் கட்டமாக இருந்தன. எட்டாம் வகுப்பு ‘ஆ’ பிரிவில் மற்ற நாற்பது பிள்ளைகளும் நாளொன்றுக்குச் சராசரியாக நூற்றுப் பத்து நிமிடம் சிந்தித்திருக்க, இவள் மட்டும் ஒன்பதே நிமிடம் சிந்தித்திருக்கிறாளாம். ஆகவே வரும் திங்கள் முதல் செயல்திறன் மையத்துக்கு மாற்றப்படுகிறாளாம். கணக்கு டீச்சர் ஜெயக்கொடி அதை இரண்டு முறை படித்தாள். இருபத்திரண்டு வருடம் கணக்குச் சொல்லிக்கொடுத்த பிறகு, யாருக்கு மூளை இருக்கிறது, யாருக்கு இல்லை என்று ஒரு ரப்பர் பட்டையிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறதே என்று அவளுக்கு வயிறு எரிந்தது.

மாவட்டத்தின் எல்லாப் பள்ளிகளிலும் சிந்தனைத் திறன் திட்டம் வந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. மனப்பாடத்தை ஒழிக்கப்போகிறோம், இனி பிள்ளைகள் தாங்களே யோசிப்பார்கள் என்று சொல்லித்தான் கொண்டுவந்தார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. காலைப் பிரார்த்தனை முடிந்ததும் ஒவ்வொரு பிள்ளையும் நெற்றியில் ஒரு பட்டையைக் கட்டிக்கொள்ள வேண்டும். மூளையின் மின்துடிப்பைப் படிக்கிற பட்டை. பிள்ளை சிந்தித்தால் அதன் ஓரத்தில் பச்சை விளக்கு எரியும், சிந்திக்காவிட்டால் மஞ்சள். பச்சை எரிந்த நிமிடங்களைக் கூட்டித் தலைமையாசிரியரின் அறையில் இருக்கும் திரை காட்டும். மூன்று மாதம் தொடர்ந்து மஞ்சளிலேயே கிடக்கும் பிள்ளைகளை ஆறு கிலோமீட்டர் தள்ளி, மூடிப்போன நூற்பாலையில் நடக்கும் செயல்திறன் மையத்துக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே தையல் உண்டு, அட்டைப்பெட்டி ஒட்டுவது உண்டு. கணக்குக் கிடையாது, அறிவியல் கிடையாது, பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு கிடையாது. அங்கே போன பிள்ளை ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை.

அந்த இடத்துக்குத்தான் சந்தனமாரியை அனுப்பப் பார்த்தார்கள்.

எட்டு வாரத்துக்கு முன் நடந்ததை ஜெயக்கொடி மறக்கவில்லை. மைனஸை மைனஸால் பெருக்கினால் பிளஸ் என்று பலகையில் எழுதிப் போட்டபோது வகுப்பே தலையாட்டியது. சந்தனமாரி மட்டும் ஏன் என்று கேட்டாள். அது விதி, எழுதிக்கொள் என்று ஜெயக்கொடி சொல்லிவிட்டாள், ஏனென்றால் அவளுக்கும் யாரும் ஏன் என்று சொல்லித் தந்ததில்லை. அந்தப் பெண் இரண்டு நாள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். இரண்டு நாளும் நெற்றியில் மஞ்சள். மூன்றாம் நாள் மேசைக்கு வந்து மெல்லச் சொன்னாள்: “பின்னால நடக்கிற ஆளை போன்ல வீடியோ எடுத்து, அந்த வீடியோவைப் பின்னாலருந்து ஓட்டுனா, அவரு முன்னால நடக்காரு டீச்சர். ரெண்டு பின்னால சேர்ந்து முன்னால ஆயிருது.” ஜெயக்கொடி அன்று முழுவதும் அதையே நினைத்துக்கொண்டிருந்தாள். அந்த இரண்டு நாளைக்கும் சேர்த்து திரை அவளுக்குக் கொடுத்தது மூன்று நிமிடம்.

தலைமையாசிரியர் ஆறுமுகநயினார் கெட்ட மனிதர் இல்லை. ஓய்வுபெற ஒன்றரை வருடம் இருக்கிறது, அவ்வளவுதான். நம் பள்ளி மாவட்டத்தில் மூன்றாம் இடம், ஒரு பிள்ளைக்காக அதைக் கெடுத்துக்கொள்ள முடியுமா என்று அவர் கேட்டார். கடிதத்தின் அடியில் பொடி எழுத்தில் இருந்த ஒரு வரியை ஜெயக்கொடிதான் அவருக்குப் படித்துக் காட்டினாள். பெற்றோர் எழுதிக் கேட்டால் வெள்ளிக்கிழமை ஒரு பாடவேளைக்கு மறு அளவீடு செய்ய வேண்டும். அன்றைய வகுப்புச் சராசரியில் பாதியை அந்தப் பிள்ளை எட்டிவிட்டால் மாற்றம் ரத்து. யாரும் படிக்கக் கூடாது என்றே போட்ட எழுத்து அது.

மறுநாள் செவ்வாய்க்கிழமை சந்தனமாரியின் அம்மா தங்கபுஷ்பம் தீப்பெட்டி ஆபீஸில் அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு வந்தாள். மனுவில் கையெழுத்துப் போட்டாள். போட்டுவிட்டும் போகாமல் நின்றாள்.

“என் பிள்ளைக்கு அறிவு இல்லைன்னா நான் ஒத்துக்கிடுவேன் டீச்சர். எனக்குத் தெரியும் அவளுக்கு இருக்குன்னு. நீங்க ஒண்ணு செய்யணும். ஏழாப்பு சார் வகுப்புல டஸ்டரை மேசையில ஓங்கி அடிச்சா எல்லாப் பிள்ளைக்கும் பச்சை எரியுதாம். போன வருசம் இவளுக்கும் அப்ப மட்டும்தான் எரிஞ்சிச்சாம். வெள்ளிக்கிழமை நீங்களும் அடிங்க. பத்தலைன்னா அவளையே ரெண்டு போடுங்க. நான் ஒண்ணும் கேக்கமாட்டேன்.”

பெற்ற தாய் பள்ளிக்கூட வாசலில் நின்று என் பிள்ளையை அடி என்று கெஞ்ச வேண்டிய காலம் வந்துவிட்டது. இதற்குப் பெயர் சிந்தனைத் திறன் திட்டம்.

ஜெயக்கொடி அதை நம்பவில்லை. ஆனாலும் கடைசிப் பாடவேளையில், பின்னக் கணக்கில் பிள்ளைகள் மூழ்கிக் கிடந்தபோது, சொல்லாமல் கொள்ளாமல் டஸ்டரால் மேசையில் ஓங்கி ஒன்று போட்டாள். நாற்பத்தொரு தலைகளும் நிமிர்ந்தன. நாற்பத்தொரு நெற்றியிலும் பச்சை எரிந்தது. சந்தனமாரி நெற்றியிலும்தான். அவளுடைய ஒன்பது நிமிடம் எங்கிருந்து வந்தது என்று அப்போது ஜெயக்கொடிக்குப் புரிந்தது. பட்டை வந்த பிறகு மாவட்டம் முழுக்கப் பிரம்புச் சத்தம் ஏன் கூடிப்போயிற்று என்பதும் புரிந்தது. வாத்தியார்கள் எல்லாருக்கும் இந்த ரகசியம் எப்போதோ தெரிந்திருக்கிறது. தெரிந்தும் ஒருவர்கூட வாய் திறக்கவில்லை.

புதன்கிழமை அவள் வட்டார வள மையத்துக்குப் போனாள். பட்டைகளைப் பழுது பார்ப்பதும் கணக்கெடுப்பதும் பெர்சிஸ் என்ற பெண். இருபத்தெட்டு வயது இருக்கும், பதில் சொல்லும்போது கண்ணைப் பார்த்துச் சொல்கிறவள். டஸ்டர் விஷயத்தை ஜெயக்கொடி சொன்னதும் அவளுக்கு ஒன்றும் பெரிய ஆச்சரியம் வரவில்லை.

“மெஷினுக்குச் சிந்தனைன்னா என்னன்னு தெரியாது மேடம். நாமதான் அதுக்குக் காட்டணும். இப்படி இருந்தா சிந்திக்குது, இப்படி இருந்தா சிந்திக்கலைன்னு ஆயிரக்கணக்கா மாதிரி கொடுக்கணும். அதைப் பார்த்து அது கத்துக்கும்.”

“அந்த மாதிரியை யாரு கொடுத்தா?”

“ரெண்டு வருசத்துக்கு முன்னாடி நாற்பது பள்ளியில சோதனை நடந்துச்சே. அதிகாரிங்க வந்து வகுப்புல கேள்வி கேட்டாங்க. பிள்ளைங்க பட்டை கட்டியிருந்தாங்க. மேல ஒரு கேமரா. கை தூக்குன பிள்ளை சிந்திக்குது, தூக்காத பிள்ளை சிந்திக்கலை. அதான் மாதிரி.” கணினியில் எதையோ தேடி எடுத்துவிட்டு அவள் சிரித்தாள். “உங்க பள்ளிக்கூடத்துலருந்து வந்ததுதான் இருக்கறதுலயே சுத்தமான மாதிரி மேடம். நாற்பது பேர் ஒரே நேரத்துல கை தூக்கியிருக்காங்க.”

அது எப்படிப்பட்ட சுத்தம் என்று ஜெயக்கொடிக்குத் தெரியும்.

தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போன எவருக்கும் இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. இன்ஸ்பெக்‌ஷன் வருகிறது என்றால் முதல் நாளே ஒத்திகை நடக்கும். அதிகாரி என்ன கேட்டாலும் எல்லாரும் கை தூக்க வேண்டும். பதில் தெரிந்தவன் வலது கையைத் தூக்கணும், தெரியாதவன் இடது கையைத் தூக்கணும். டீச்சர் வலது கையாகப் பார்த்து எழுப்புவார். அதிகாரி வகுப்பைப் பார்த்துப் பூரித்துப்போவார். ஜெயக்கொடியும் சின்னப்பிள்ளையில் இடது கை தூக்கியவள்தான். வாத்திச்சி ஆன பிறகு ஒவ்வொரு வருடமும் அதையே பிள்ளைகளுக்குச் சொல்லித் தந்தாள். பட்டையும் கேமராவும் வந்த அன்றும் அதைத்தான் செய்தாள். அன்று கேட்ட கேள்விக்கு வலது கை தூக்கியவர்கள் ஆறு பேர். மீதி முப்பத்து நான்கு பேரும் இடது கையைத் தூக்கிக்கொண்டு, கண்ணை அகல விரித்து, சாமி, என்னைக் கேட்டுவிடக் கூடாது என்று வேண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த பிள்ளைகள்.

அந்தப் பயத்தைத்தான் இயந்திரம் பார்த்தது. இதுதான் சிந்தனை என்று மாவட்டமே சேர்ந்து அதற்குச் சொல்லிக்கொடுத்தது.

“அப்ப, கை தூக்காத பிள்ளைங்க?” என்று ஜெயக்கொடி கேட்டாள். கேட்கும்போதே பதில் தெரிந்திருந்தது.

“அதுதான் கஷ்டமாப் போச்சு மேடம். நாற்பது பள்ளிக்கும் சேர்த்து பதினொரு பேருதான் கிடைச்சாங்க. அதுலயும் உங்க ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒண்ணு, வரிசை எண் முப்பத்து மூணு. கேள்வி கேட்ட நேரத்துலருந்து அதிகாரி கிளம்புற வரைக்கும் ஒரே மாதிரி அலை, அசங்கவே இல்ல. சிந்திக்காத மூளை எப்படி இருக்கும்னு மெஷின் அந்தப் பிள்ளையைப் பார்த்துத்தான் கத்துக்கிச்சு.”

வரிசை எண் முப்பத்து மூன்று யார் என்று வருகைப் பதிவேட்டைப் பார்க்க வேண்டியதில்லை. அன்று அதிகாரி வெளியே போனதும் ஜெயக்கொடி அந்தப் பெண்ணிடம்தான் நேராகப் போனாள். தெரியவில்லை என்றால் இடது கையையாவது தூக்கித் தொலைப்பதற்கு என்ன, எருமை என்று காதைத் திருகினாள். அப்போது கோபம் வந்தது அந்தப் பெண் மேல். இப்போது கோபம் வருகிறது, அது போய் விழ இடம்தான் தெரியவில்லை. வேலியே பயிரை மேய்ந்திருக்கிறது. தன்னைவிட நன்றாக யோசிக்கிற ஒரு பிள்ளையைப் பிடித்து, முட்டாளுக்கு அளவுகோலாக நட்டுவைத்தது வேறு யாருமில்லை, அவளேதான்.

வியாழக்கிழமை மாவட்டத் தலைநகரில் ஆய்வுக் கூட்டம். முந்நூறு ஆசிரியர்கள். திட்ட இயக்குநர் தியாகேசன் படம் போட்டுப் பேசினார். கோடு மேலே போயிற்று, இன்னும் மேலே போயிற்று. கேள்வி உண்டா என்று அவர் ஒப்புக்குக் கேட்டபோது ஜெயக்கொடி எழுந்தாள். வலது கை, இடது கை, டஸ்டர் எல்லாவற்றையும் சொன்னாள். தன் பெயரைச் சொன்னாள், தன் பள்ளியின் பெயரைச் சொன்னாள். என் வகுப்பில் நான் செய்த திருட்டுத்தனத்துக்கு ஒரு பெண்பிள்ளை திங்கட்கிழமை வேன் ஏறப்போகிறாள் என்றாள்.

தியாகேசன் கோபப்படவில்லை. அதுதான் அவளுக்கு ஆத்திரமாக இருந்தது. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அரங்கத்தைப் பார்த்து, வேறு எந்தப் பள்ளியிலாவது இப்படி நடந்ததா என்று கேட்டார். முந்நூறு தலைகள் தங்கள் செருப்பைப் பார்த்தன. நாற்பது பள்ளி ஆசிரியர்களும் அங்கேதான் இருந்தார்கள். அவர் அரை நிமிடம் காத்திருந்தார்.

“ஒரு பள்ளியில நடந்த தவறு. வருத்தம்தான். அதுக்காக மாவட்டத்தைக் குறை சொல்ல வேண்டாம்,” என்றார். “திட்டத்தால பிள்ளைங்களுக்கு நன்மைன்னு நினைக்கிறவங்க கை தூக்குங்க.”

கைகள் எழுந்தன. வரிசை வரிசையாக, அரங்கம் நிறைய. ஜெயக்கொடி திரும்பிப் பார்த்தாள். முன்வரிசையில் சிலர் வலது கை. அதற்குப் பின்னால் கண்ணுக்கெட்டிய தூரம் வரை இடது கை. தியாகேசன் திருப்தியாகத் தலையசைத்து, ஏகமனதாக என்று எழுதிக்கொள்ளச் சொன்னார்.

சாப்பாட்டு வரிசையில் சிகாமணி என்ற ஆசிரியர் அவள் பக்கத்தில் வந்து குனிந்தார். நாற்பது பள்ளிகளில் அவருடையதும் ஒன்று.

“நல்லாப் பேசுனீங்க டீச்சர். நாங்க எல்லாம் உங்க பக்கம்தான். பார்த்தீங்கல்ல, இடது கைதான் தூக்குனோம்.”

அந்த மனிதருக்கு அதில் பெருமை வேறு. ஜெயக்கொடி தட்டை மேசையில் வைத்தாள்.

“எண்ணும்போது எந்தக் கைன்னு பார்க்கமாட்டாங்க சார்,” என்றாள். சாப்பிடாமல் பஸ் ஏறினாள்.

ஊர் வரும் வரை அவள் மனதில் ஓடியது ஒரே கணக்குத்தான். சந்தனமாரி சராசரியில் பாதியை எட்ட வேண்டும். அதற்கு ஒரு வழி அவளை மேலே தூக்குவது. அதாவது அவளை நடுங்கவைப்பது. தாயே சம்மதம் கொடுத்திருக்கிறாள், டஸ்டர் தயாராக இருக்கிறது, நாற்பத்தைந்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். அதற்குப் பிறகு அந்தப் பெண் எந்தக் கேள்வியோடும் இரண்டு நாள் உட்காரமாட்டாள். இன்னொரு வழியும் இருந்தது. பஸ் ரயில்வே கேட்டில் நின்றபோது அது அவளுக்குத் தோன்றியது. இவ்வளவு எளிய கணக்கு இத்தனை நேரம் தோன்றாமல் போனதற்குத் தன்னையே திட்டிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை மூன்றாம் பாடவேளை. பெர்சிஸ் கையில் டேப்லெட்டோடு வந்தாள், கூடவே தலைமையாசிரியரும் வந்து பின்பெஞ்சில் உட்கார்ந்தார். அவர்களைக் கண்டதும் நாற்பத்தொரு நெற்றியிலும் பச்சை. ஜெயக்கொடி டஸ்டரை ஓய்வறையிலேயே வைத்துவிட்டு வந்திருந்தாள். கையில் இருந்தது விளையாட்டு அறையிலிருந்து எடுத்த ஒரு ஸ்கிப்பிங் கயிறு.

“இந்தக் கயித்தைப் பத்துத் துண்டாக்கணும்,” என்றாள். “எத்தனை தடவை வெட்டணும்?”

கைகள் பறந்தன. எல்லாக் கைகளும். வலது கொஞ்சம், இடது நிறைய. இரண்டு வருடத்துக்கு முன் அதிகாரி கேட்ட அதே கேள்வி. அவள் பழக்கிய பழக்கம் கொஞ்சமும் மறக்காமல் அப்படியே எழுந்து நின்றது. பார்க்கப் பார்க்க அவளுக்குக் கூசியது.

“இடது கை எல்லாத்தையும் கீழ போடுங்க,” என்றாள். பின்னாலிருந்து தலைமையாசிரியர் திடுக்கிட்டுப் பார்த்தார். “வலது கையையும்தான். உங்களுக்கு அதைச் சொல்லித் தந்தது நான். அது தப்பு. தெரியலைன்னா தெரியலைன்னு உட்காரலாம். இன்னைக்கு நான் யாரையும் எழுப்பமாட்டேன், யாரையும் கேட்கமாட்டேன். பதில் வரலைன்னாலும் ஒண்ணும் ஆகாது. கயிறு இங்க இருக்கு, வேணும்கிறவங்க வந்து எடுத்துப் பாருங்க.”

முதலில் யாரும் அசையவில்லை. டீச்சருக்கு என்னவோ ஆகிவிட்டது என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு முதல் பெஞ்ச் பெண் ஒருத்தி வந்து கயிற்றைத் தொட்டாள். ஒன்பது வெட்டு என்று ஒருவன் சொன்னான், இல்லை பத்து என்று இன்னொருவன் சண்டைக்கு வந்தான். நோட்டுக் காகிதத்தைக் கிழித்து நீளமாகச் சுருட்டி வெட்டிப் பார்த்தார்கள். வட்டமாகக் கட்டினால் எத்தனை என்று ஒருத்தி கேட்டாள், நாலு பேர் நுனிகளைச் சேர்த்துப் பிடித்து எண்ணிப் பார்த்தார்கள். பெஞ்சுகள் இடம் மாறின. ஜன்னலோரம் ஒருவன் வாயைத் திறந்தபடி எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தான்.

விளக்குகள் ஒவ்வொன்றாக மஞ்சளாகின. பாடவேளை பாதிக்கு வருவதற்கு வெகு முன்பே வகுப்பில் ஒரு பச்சைகூட இல்லை. தலைமையாசிரியர் எழுந்து பெர்சிஸின் கையிலிருந்த திரையை எட்டிப் பார்த்துவிட்டு வெளிறிப்போனார். முன்னால் வந்து குரலைத் தாழ்த்தினார்.

“என்ன டீச்சர் இது? ஒருத்தர்கூட யோசிக்கலையா?”

“இன்னைக்குத்தான் சார் ஆரம்பிச்சிருக்காங்க.”

மணி அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது சந்தனமாரி எழுந்து வந்தாள். கை தூக்கவில்லை, கேட்கவும் இல்லை. கயிற்றை எடுத்து முன்னும் பின்னுமாக ஒன்பது அடுக்காக மடித்தாள். நடுவில் இறுகப் பிடித்து, விரலைக் கத்தரிபோல வைத்துக் காட்டினாள்.

“ஒரு வெட்டுப் போதும் டீச்சர்.”

பிறகு எல்லாரும் மடித்துப் பார்க்கத் தொடங்கினார்கள். ஜெயக்கொடியும் ஒரு காகிதத்தை மடித்துப் பார்த்தாள். ஒரே வெட்டில் பத்துத் துண்டு. அன்று கேள்வி கேட்ட அதிகாரியிடம் இருந்த பதில் ஒன்பது. வலது கை தூக்கிய ஆறு பேரும் சொன்னது ஒன்பது. இருபத்திரண்டு வருடமாக அவளும் ஒன்பது என்றே சொல்லிக்கொண்டிருந்தாள்.

மணி அடித்தது. பெர்சிஸ் திரையைத் தட்டிக் கணக்கெடுத்தாள். வகுப்புச் சராசரி நான்கு நிமிடம். சந்தனமாரி இரண்டு நிமிடம், எல்லாம் தலைமையாசிரியர் உள்ளே நுழைந்தபோது பயந்த பயம். நான்கில் பாதி இரண்டு. விதி விதிதான். மாற்றம் ரத்து என்று பெர்சிஸ் எழுதினாள். எழுதிவிட்டு ஜெயக்கொடியின் பக்கம் திரும்பினாள்.

“இப்படியே போனா மூணு மாசத்துல வகுப்புக்கே கடிதம் வரும் மேடம். நாற்பத்தொரு பேருக்கும்.”

“வரட்டும். உங்க மையத்துல அத்தனை தையல் மெஷின் இருக்கான்னு முதல்ல கேட்டுச் சொல்லும்மா,” என்றாள் ஜெயக்கொடி. பெர்சிஸ் சிரிக்கவில்லை. டேப்லெட்டை மூடிவிட்டு, அந்த ஆறாம் வகுப்பு மாதிரி தப்பு என்று நானே மேலே எழுதி அனுப்பிப் பார்க்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். அதை மேலே யாராவது படிப்பார்கள் என்ற நம்பிக்கை இருவருக்கும் இல்லை.

பிள்ளைகள் கலைந்த பிறகும் சந்தனமாரி மேசையருகே நின்றாள். கயிற்றைப் பிரித்து நேராக்கிக்கொண்டிருந்தாள். ஜெயக்கொடிக்கு எதையாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. டீச்சர்கள் பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்டு அவள் பார்த்ததில்லை, எப்படிக் கேட்பது என்றும் தெரியவில்லை. இதை எப்போது கண்டுபிடித்தாய் என்று மட்டும் கேட்டாள்.

“அன்னைக்கே பாதி வந்திருச்சு டீச்சர். ஆறாப்புல, அந்த சார் கேட்டாருல்ல, அன்னைக்கு. மனசுக்குள்ள மடிச்சுக்கிட்டே இருந்தேன். நாலு மடிப்பு வந்திருந்துச்சு.” அவள் குரலில் கோபம் இல்லை, நடந்ததைச் சொன்னாள். “அப்பதான் நீங்க காதைப் பிடிச்சீங்க.”

எந்தக் காது என்று ஜெயக்கொடிக்கு நினைவில்லை. சந்தனமாரி கயிற்றை மேசையில் வைத்துவிட்டு, இடது காதைத் தடவிக்கொண்டே அடுத்த வகுப்புக்குப் போனாள்.